எலியாவின் நிறம்

செங்கல்,
17 ஜூன் 1956

செல்லபாய்க்கு,

'கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி' என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. அதனால் பெயரை மட்டும் எழுதுகிறேன். எலியாவை அடக்கம் பண்ணி ஏழாம் நாள் நீ வந்து எங்கள் வாசலில் நின்றாய். நான் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் உனக்காக எழுதவில்லை, குமாரிக்காக எழுதுகிறேன்.

எலியா போனபோது அவன் தங்கச்சி குமாரி எனக்கு நாலு மாசக் கைப்பிள்ளை. இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மண்சுவரில் ஒரு குழி உண்டு. எலியா நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்ற இடம். அவன் போன பிறகு அதைப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. கதவை எப்போதும் திறந்து சாய்த்து, அந்த இடத்தை மறைத்தே வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சுரண்டுகிற சத்தம். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. கதவை இழுத்துப் பார்த்தால் குமாரி அந்தக் குழிக்குள் விரலை விட்டுக்கொண்டு நிற்கிறாள். வாயெல்லாம் மண். அந்த இடத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை. அவன் தின்றதை அவள் பார்த்ததும் இல்லை.

அதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு விலாசினி தண்ணீர் கோர வந்தவள், "அண்ணனுக்க நெறம் கொச்சுப்பிள்ளைக்கு வருது, பாத்தியளா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். என் கையிலிருந்து குடம் நழுவிவிட்டது.

எலியா பிறந்தபோது அப்பனைப் போல நல்ல கறுப்பு என்று உனக்குத் தெரியும். இரண்டு வயது முடிந்ததும் வெளுக்கத் தொடங்கினான். மூன்று வயதில் சபைப் பெண்கள் அவனைத் 'துரை' என்று கூப்பிட்டு மடிக்கு மடி மாற்றி வைத்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமைதான். அந்தச் சமயத்தில் நீ வந்தாய். அவன் முகத்தைப் பிடித்து, கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நெறம் இல்ல. ரெத்தம் இல்லாத வெளுப்பாக்கும்" என்றாய். நானும் வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டு மாசத்தில் பிள்ளை நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டான். உன் கண்தான் பட்டது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

எங்கள் சபை ஈசாக் உபதேசியாருக்குத் தெரிய வேண்டாம், ஒரு காரியம் கேட்கிறேன். உன் வலது காலடி மண் ஒரு நுள்ளு எடுத்துக் காகிதத்தில் மடித்து அனுப்பு. மிளகாயும் உப்பும் சேர்த்து, குமாரியைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கமாட்டேன். எலியா அவளைக் கூப்பிடுகிறான், செல்லபாய். அவளை விட்டுவிடு என்று அவனிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிருபாபாய்


ஆஸ்பத்திரிக் குடியிருப்பு, தக்கலை,
22 ஜூன் 1956

அன்பான அக்காவுக்கு,

கேட்ட மண் உள்ளே இருக்கிறது. வலது கால் மண்தான், சந்தேகப்பட வேண்டாம். பிள்ளைகள் வார்டுக்குப் போகிற பாதையில் நடந்து, திரும்பி வந்து, என் காலடியை நானே குனிந்து நுள்ளினேன். கூட வேலை செய்கிறவள் என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து தேடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, திருகாணிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நீ சொன்னபடியே சுற்றிப் போடு. நான் தடுக்கவில்லை. எனக்காக நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். காலை வெயிலில் குமாரியை மடியில் வைத்து, கீழிமையை மெல்லத் தாழ்த்தி உட்புறம் எப்படி இருக்கிறது என்று பார். பிறகு விலாசினி வீட்டுப் பிள்ளையின் இமையையும் அப்படியே பார். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் என்னைத் திட்டி எழுது.

மழை தொடங்கிவிட்டது. வார்டில் நெஞ்சுச் சளிப் பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். டாக்டரம்மா குழலை நெஞ்சில் வைப்பதற்கு முன்னால் இமையைத்தான் பார்ப்பார். ஏழு வருஷமாக நானும் பார்க்கிறேன். ஒரே மழை, ஒரே சளிதான். ரத்தம் உள்ள பிள்ளை நாலு நாள் இருமிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடும். வெளுத்த பிள்ளைக்குச் சளி நெஞ்சுக்கு இறங்கிவிடும். சுகமாகிப் போனாலும் அடுத்த மாசம் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாம் இழுக்கிற மூச்சை உடம்பெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தம்தான். அதுவே இல்லாத பிள்ளை எதை வைத்து நோயோடு மல்லுக்கட்டும்?

மண் தின்பதும் அதனால்தான். ரத்தம் குறைந்த பிள்ளைகள் மண், கரி, பச்சரிசி என்று தேடித் தின்னும். எங்கள் வார்டில் சுவரோரக் கட்டில்களுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு நிற்பதில்லை. உன் வீட்டுச் சுவரில் அந்த உயரத்தில் இளகின மண் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கும். அவனுக்கும் கை எட்டியது, இவளுக்கும் எட்டுகிறது. எலியா யாரையும் கூப்பிடவில்லை, அக்கா. அவன் அப்படிப்பட்ட பிள்ளையும் இல்லை.

இருமல் வந்தால் அவளுக்கு என்னென்ன கொடுக்காமல் நிறுத்துகிறாய் என்று எழுது. மறைக்காமல் எழுது.

செல்லபாய்


செங்கல்,
3 ஜூலை 1956

செல்லபாய்க்கு,

மண் கிடைத்தது. அவர் வெளியே போன நேரம் பார்த்துச் சுற்றிப் போட்டேன். மிளகாய் அடுப்பில் வெடித்தது, ஆனால் நெடி இல்லை. நெடி வராவிட்டால் கண் உண்டு என்று அர்த்தம். நான் சொன்னது சரி என்று நினைத்து அன்று முழுவதும் எனக்கு ஒரு ஆசுவாசம். மறுநாள் காலை குமாரி மறுபடி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். கண் கழிந்த பிறகும் ஏன் நிற்கிறாள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

இமையைப் பார்க்க நாலு நாள் எடுத்தேன். முதலில் விலாசினியின் பிள்ளையைப் பார்த்தேன், செவ்வரளிப்பூவைப் போல் இருந்தது. குமாரிக்கு வெந்த மரச்சீனிக் கிழங்கின் வெள்ளை. அதன் பிறகு அவளைத் தரையில் இறக்கவே இல்லை, இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். இருமல் வந்தால் எல்லாரும் நிறுத்துவதைத்தான் நானும் நிறுத்துகிறேன். சாளை மீன் கொடுக்கமாட்டேன், முட்டை கொடுக்கமாட்டேன், கீரை குளிர்ச்சி என்று தொடவே விடமாட்டேன். கஞ்சித் தண்ணீரும் சுக்குக் காப்பியும்தான் பத்தியம். சளி போன பிறகும் ஒரு வாரம் பத்தியம் உண்டு. எலியாவுக்கு அந்த வருஷம் மேட மாசத்தில் இருமல், இடவத்தில் இருமல், மிதுனத்தில் இருமல். கடைசி நாலைந்து மாசத்தில் அவன் மீன் தின்றது எட்டு நாள் இருந்தால் அதிகம். ஒரு நாள் அவன் அப்பாவின் தட்டிலிருந்து ஒரு சாளைத் துண்டை எடுத்துவிட்டான். கையில் அடித்து நானே பிடுங்கினேன். கர்க்கடக மாசம் பிறந்ததும் முருங்கையிலையும் போய்விட்டது. கர்க்கடகத்தில் முருங்கையிலை விஷம் என்று உனக்கும் தெரியும், அம்மா நமக்கும் தரமாட்டாள். அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தானே செய்தேன்?

குமாரிக்கு நேற்று முதல் இருமல். பத்தியம் தொடங்கிவிட்டேன்.

உன் அத்தானிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். எலியா போன அந்த வாரத்தில் அவர் தமிழ் எல்லைப் போராட்டத்துக்காகத் தலைமறைவாக இருந்தார், அதன் பிறகு ஜெயில். வந்த நாள் முதல் எல்லாக் கூட்டத்திலும் மகனைப் பற்றித்தான் பேசுகிறார். போலீஸ் வெடிவைப்பு நடந்த அந்த வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் பாறசாலை வரை நடந்தேன். பஸ் இல்லை, போலீஸ் திருப்பி அனுப்பியது, ரோட்டில் மரங்கள் கிடந்தன. எல்லாம் உண்மை. மரத்தை வெட்டிப் போட்டது நம் ஆட்கள் என்பதை மட்டும் அவர் கூட்டத்தில் சொல்வதில்லை. நோட்டீசில் எலியாவின் பெயரையும் அச்சடித்திருக்கிறார்கள். தமிழ் மண்ணுக்காக உயிர் நீத்த பச்சிளம் பாலகன் என்று போட்டிருக்கிறது.

உன் கடிதத்தில் ரத்தத்தைப் பற்றி எழுதியதை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினேன், பத்தியத்தையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எனக்க மோன் நாட்டுக்காகச் செத்தவனாக்கும். சாளை தின்னாம வெளுத்துச் செத்தான்னு ஆஸ்பத்திரியில போய் எழுதி வைக்கப் போறியா" என்று கேட்டார். பிறகு பிள்ளையைத் தொடாமல் வெளியே போய்விட்டார்.

நான் என்ன செய்ய?

கிருபாபாய்


தக்கலை,
7 ஜூலை 1956

அக்கா,

பத்தியத்தை இந்த நிமிஷமே விடு. சாளையைக் குழம்பிலிருந்து எடுத்து, முள் நீக்கி, கஞ்சியில் பிசைந்து கொடு. முட்டை கொடு. முருங்கையிலை கொடு. கர்க்கடகம் பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, பிறந்தாலும் கொடு. விஷம் என்றால் அந்தப் பழி என் தலையில் இருக்கட்டும்.

நீ செய்தது என்ன என்று தெரிந்தால்தான் நிறுத்துவாய், அதனால் எழுதுகிறேன். சளி வந்ததும் சாப்பாட்டைக் குறைத்தாய். சாப்பாடு குறைந்ததும் ரத்தம் குறைந்தது. ரத்தம் குறைந்ததும் அடுத்த சளி சீக்கிரம் வந்தது. உன் ஒருத்தி வீட்டில் மட்டும் இல்லை, வார்டுக்கு வருகிற எல்லாத் தாய்மாரும் இதையேதான் சொல்கிறார்கள். மரச்சீனி விளையில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளுக்குக் குடலில் புழுவும் சேரும். மிச்சம் இருக்கிற ரத்தத்தை அது குடிக்கும். அதற்கு இங்கே மருந்து உண்டு.

அத்தானோடு எனக்கு வழக்கு இல்லை. வழியை மறித்தது உண்மை, அதை அவர் எங்கே வேண்டுமானாலும் பேசட்டும். இன்றைக்கு வழி திறந்துதான் கிடக்கிறது. அவருக்கு இருக்கிற ஒரே பிள்ளையையும் நோட்டீசில் போட வேண்டுமா என்று கேள். நான் கேட்டதாகவே சொல்.

மூச்சு இழுக்கும்போது அவள் விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார். விழுந்தால் யாரிடமும் உத்தரவு கேட்காதே. பாறசாலையில் காலை பஸ் ஏறு. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நாளைக்கும் நிற்பேன், அதற்கு மறுநாளும் நிற்பேன்.

செல்லபாய்


செங்கல்,
30 ஆகஸ்ட் 1956

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சிக்கு,

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாக வந்து சேர்ந்து ஒரு மாசம் ஆகிறது. குமாரி ஓடுகிறாள். விலாசினி வீட்டுக் கோழியைத் துரத்தி, அவளிடம் எனக்குத் திட்டு வாங்கித் தருகிறாள். டாக்டரம்மா தந்த மருந்தைக் கொடுத்தால் பல் கறுக்கிறது, ஆனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிடுகிறாள். நேற்று இரண்டு சாளை தின்றாள். சுவர்ப் பக்கம் போவதே இல்லை. அவள் பழையபடி கறுத்துவிட்டாள் என்று சபையில் ஒருத்தி வருத்தப்பட்டாள். நான் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டேன், பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

உன் அத்தான் இப்போது அதிகம் பேசுவதில்லை. மூன்றாம் நாள் சண்டை போடத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், உனக்கே தெரியும். டாக்டரம்மா குமாரியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றுக் காகிதத்தில் வைத்து, சிவப்பு வரிசை அச்சடித்த அட்டையோடு சேர்த்துப் பிடித்தார் அல்லவா? அதைத் தன் கையில் வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் கடைசியான வெளிர்க் கட்டத்தைவிடவும் வெளுத்திருந்தது அந்தச் சொட்டு. போன ஞாயிறு பாறசாலைக் கூட்டத்தில் எலியாவின் பெயரைச் சொல்லி இவரைப் பேசக் கூப்பிட்டார்களாம். எழுந்து நின்றாராம், அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். நெய்யாற்றின்கரை தாலுகா நமக்கு இல்லை, எல்லைக் கல் களியக்காவிளையில்தான் என்று வேறு பேச்சாக இருக்கிறது. மகனும் இல்லை, மண்ணும் இல்லை என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அவ்வளவுதான்.

பத்தொன்பது நாள் உன்னோடு இருந்தேன். உன் பாயில் படுத்தேன், நீ சமைத்ததைச் சாப்பிட்டேன். எலியாவின் பெயரை நாம் இரண்டு பேரும் ஒரு தடவை கூட எடுக்கவில்லை. நீ எடுப்பாய் என்று நான் இருந்தேன், நான் எடுப்பேன் என்று நீ இருந்திருப்பாய்.

குமாரி பிழைத்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, செல்லபாய். இப்படி எழுதுகிற தாய் உண்டா என்று நினைக்காதே. அவள் கன்னத்தில் ரத்தம் ஏற ஏற, எனக்கு அவன் முகம்தான் தெரிகிறது. அதே இருமல், அதே வெளுப்பு, அதே மண். இவளுக்கு ஒரு கறுப்புத் தண்ணீரும் நாலு சாளையும் ஒரு ஊசியும் போதுமாக இருந்தது. மத்தியானம் குமாரி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இன்னொரு மூச்சுச் சத்தம் வேகமாக ஓடுவது கேட்கும். குமாரியின் மூக்கில் காது வைத்துப் பார்த்தால் அவள் மெல்லத்தான் விடுகிறாள்.

எனக்கு ஆறுதல் எழுதாதே. உபதேசியார் எழுதுகிற மாதிரியும் எழுதாதே. அன்றைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருந்தால் அவன் இருந்திருப்பானா? அதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


தக்கலை,
4 நவம்பர் 1956

அன்பான அக்காவுக்கு,

இரண்டு மாசமாகப் பதில் எழுதாததற்கு வேலை என்று சொன்னால் பொய். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றாம் தேதி முதல் நாங்கள் மதராஸ் ராஜ்யம், நீங்கள் கேரளம். இங்கே வெடி போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். அத்தானை நினைத்து நான் வெளியே போகவில்லை. உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இருந்திருப்பான், அக்கா. நான் டாக்டர் இல்லை, சத்தியம் பண்ண முடியாது. அவனுக்குச் சளி வந்திருக்கும், இருமியிருப்பான். ஆனால் இரண்டு மாசம் மருந்தும் மீனும் உள்ளே போயிருந்தால், பஸ் ஓடாத அந்த மூன்று நாளையும் தாங்கியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். நீ உண்மையைக் கேட்டாய், நானும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பழியில் பாதிதான் உன்னுடையது. மீதியையும் கேள்.

அன்றைக்கு நான் சும்மா வரவில்லை. ஈஸ்டருக்கு வந்தபோதே அவன் வெளுப்பு எனக்கு உறுத்தியது. ஆஸ்பத்திரியில் சொல்லி, இப்போது குமாரிக்குக் கொடுத்தோமே அதே கறுப்பு மருந்து ஒரு புட்டி வாங்கி என் பையில் கொண்டுவந்திருந்தேன். இமையைப் பார்த்துவிட்டு அதை எடுத்து வைக்கத்தான் இருந்தேன். அதற்குள் நீ, "பெறாதவளுக்கு எனக்க பிள்ளைக்க நெறம் கண்ணைக் குத்துதோ" என்றாய். விலாசினி நின்றாள், இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். நான் பைக்குள் கை விட்டிருந்தேன், புட்டி விரலில் பட்டுக்கொண்டிருந்தது. மேசையில் வைத்துவிட்டு நான் பாட்டுக்கு இறங்கியிருக்கலாம். நீ தூக்கி எறிந்திருந்தாலும் உன் கோபம் ஒரு நாள் தாங்காது என்று எனக்குத் தெரியும், மறுநாள் நீயே கொடுத்திருப்பாய். நான் வைக்கவில்லை. 'கெடக்கட்டு, அப்போ தெரியும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கையை வெளியே எடுத்தேன். பஸ்ஸில் குழித்துறை வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பிள்ளைக்கு நோய் முற்றி, நீ என் காலில் வந்து விழ வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இருந்தது, அக்கா. செத்துப்போவான் என்று நினைக்கவில்லை.

புட்டியை மறுநாள் வார்டில் கொடுத்துவிட்டேன். மூன்றாவது கட்டிலில் பொன்னப்பன் என்று ஒரு பையன் கிடந்தான், எலியாவின் வயது. அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் பிழைத்தான். இப்போது சந்தை நாளில் அம்மாவோடு வருவான், என்னைப் பார்த்தால் ஓடிவந்து சேலையைப் பிடிப்பான். அவன் வளர வளர எலியாவுக்கு இப்போது எத்தனை வயது, எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. அவன் வருகிற நாளில் நான் வார்டுக்குப் பின்பக்கம் போய்விடுகிறேன்.

கண் பட்டது என்றாய். என் கண் ஒன்றும் செய்யவில்லை, என் கைதான் செய்தது. நீ இங்கே இருந்த பத்தொன்பது நாளும் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும், உடனே எழுந்து குமாரியின் மருந்தை எடுக்கப் போய்விடுவேன். இனி நீ கதவைத் திறக்காவிட்டாலும் அது நியாயம்தான்.

செல்லபாய்


செங்கல்,
15 நவம்பர் 1956

செல்லபாய்,

உன் கடிதத்தை அடுக்களையில் நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடித்தபோது உலை தீய்ந்துபோயிருந்தது. இரண்டு நாள் உன்னைச் சபித்தேன். வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. உன் புட்டி அந்த மேசையில் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று போய்ப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள், நீ அதை வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். மறுநாள் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று நீ எழுதியிருக்கிறாய். நீ என்னை நல்லவளாக நினைத்திருக்கிறாய். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அன்றைக்கு எனக்கு அவன் நிறம் அவ்வளவு பிடித்திருந்தது.

உன்னை மன்னிக்க எனக்கு வரவில்லை. என்னையும் மன்னிக்க வரவில்லை. அதை நீ தெரிந்துகொள்.

ஆனால் இதையும் கேள். வீட்டில் அவன் பெயரை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுகிறார். சபையில் எடுத்தால் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி வாயை அடைக்கிறார்கள். நோட்டீஸ் போட்டவர்களுக்கு அவன் தேவைப்படுவதில்லை, எல்லைதான் முடிந்துவிட்டதே. விலாசினி அழுவாள், ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

கிறிஸ்மஸுக்கு வா. களியக்காவிளையில் இறங்கு, எல்லை தாண்டி நான் குமாரியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். அந்தப் பொன்னப்பன் எவ்வளவு உயரம் இருக்கிறான், என்ன பேசுகிறான், பல் விழுந்துவிட்டதா, எல்லாம் எனக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கொன்ற பிள்ளைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அழ வேண்டும்.

அக்கா